மஜ்ஜை மாற்று சிகிச்சையில் மாறாமல் இருப்பது எது?

கேள்வி: என் தம்பிக்கு ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். மரபணுப் பிறழ்வுதான் காரணம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். மஜ்ஜையின் சூழலும் நோயை வளர்க்கும் என்று இன்னொருவர் சொன்னார். கெட்டுப்போனது செல்லா, அது இருக்கும் இடமா? மஜ்ஜையையே மாற்றிய பிறகும் சிலருக்கு நோய் திரும்புகிறதே, அதற்கும் இந்தச் சூழல்தான் காரணமா?

பதில்: இரண்டு மருத்துவர்கள் சொன்னதும் உண்மை. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ‘மஜ்ஜை மாற்று’ என்ற பெயர் பலரையும் தவறாக நினைக்க வைத்துவிடுகிறது. சிறுநீரகத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதுபோல் இங்கே எதையும் பொருத்துவதில்லை. கடுமையான கீமோதெரபியும் சில வேளைகளில் கதிர்வீச்சும் கொடுத்து, நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் செல்களை அழிக்கிறார்கள். பிறகு எல்லா ரத்தச் செல்களுக்கும் மூலமான ஸ்டெம் செல்களைக் கொடையாளரிடமிருந்து எடுத்து, ரத்தம் ஏற்றுவதைப் போலவே, ஒரு பையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். ரத்த ஓட்டத்தில் கலந்த அந்தச் செல்கள் தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துப் போய்க் குடியேறுகின்றன. சில வாரங்களில் புதிய ரத்தம் உருவாகத் தொடங்குகிறது.

அந்தச் செல்கள் போய்ச் சேரும் இடம் மட்டும் பழைய இடம்தான். எலும்பை உருவாக்கும் செல்கள், கொழுப்புச் செல்கள், நரம்பிழைகள், ரத்த ஸ்டெம் செல்களைத் தாங்கிப் பிடிக்கும் மீசென்கைமல் செல்கள் ஆகியவை பெரும்பாலும் நோயாளியுடையவையாகவே இருக்கின்றன. மாற்று சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையை எடுத்துச் சோதித்தால், ரத்தச் செல்கள் முழுவதும் கொடையாளருடையவையாக இருக்கும்போதே இந்தத் தாங்கு செல்கள் நோயாளியின் மரபணுவைக் கொண்டிருப்பது தெரியும். செல் வேறு, அது இருக்கும் இடம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடலாம். மஜ்ஜை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நல்லி எலும்புதான். தட்டி உறிஞ்சும்போது வரும் வழுவழுப்பான பொருளில் பெரும்பகுதி கொழுப்பு. அது மஞ்சள் மஜ்ஜை. வளர்ந்த மனிதர்களில் ரத்தத்தை உருவாக்கும் சிவப்பு மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு போன்றவற்றின் உள்ளே இருக்கிறது. அதனால்தான் உங்கள் தம்பிக்கு மஜ்ஜைப் பரிசோதனை செய்தபோது பின்பக்க இடுப்பெலும்பில் ஊசி போட்டிருப்பார்கள். அந்த மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் தனிக் கணக்கு.

இவ்வளவு உற்பத்திக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் மிகச் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை பெரும்பாலான நேரம் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் உறங்கிக் கிடக்கின்றன. எப்போது விழிக்க வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது ரத்த ஓட்டத்தில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் செல்கள் தாமாக முடிவு செய்வதில்லை என்ற எண்ணத்தை 1978இல் முன்வைத்தவர் மான்செஸ்டரில் பணியாற்றிய ரே ஸ்கோஃபீல்டு. கதிர்வீச்சு பெற்ற எலியின் உடலில் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினால், அவை மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகளாக வளர்வதை 1961இலேயே கனடாவின் டில், மெக்கல்லக் இருவரும் காட்டியிருந்தார்கள். அந்த மண்ணீரல் முடிச்சுகளை உருவாக்கும் செல்களால், மஜ்ஜைக்குள் இருக்கும் செல்களைப்போல் நெடுங்காலம் ரத்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க முடியவில்லை. ஸ்டெம் செல் என்பது ஒரு தகுதி. அந்தத் தகுதியைக் காப்பாற்றித் தரும் குறிப்பிட்ட உறைவிடம் ஒன்று மஜ்ஜைக்குள் இருக்க வேண்டும் என்று ஸ்கோஃபீல்டு ஊகித்தார். அப்போது அதை நேரில் காட்ட அவரிடம் வழியில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2003இல், எலும்பை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை கூடினால் ஸ்டெம் செல்களும் கூடுகின்றன என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின. அதன்பின் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர்களும் அவற்றைச் சுற்றியிருக்கும் மீசென்கைமல் செல்களும்தான் இன்னும் முக்கியமானவை என்று தெரியவந்தது. அந்த மீசென்கைமல் செல்கள் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதமே ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலேயே கட்டிவைக்கும் கயிறு. கொடையாளரின் செல்கள் எலும்புக்கு வழி கண்டுபிடிப்பதும் அதன் துணையால்தான்.

இன்னொரு விவரம். ரத்தம் பிறக்கும் இடம் என்பதால் அங்கே ஆக்சிஜன் நிறைந்திருக்கும் என்று தோன்றும். உயிருள்ள எலியின் மண்டையோட்டு மஜ்ஜையில் 2014இல் நேரடியாக அளந்தபோது, எலும்புச் சுவரிலிருந்து தள்ளி ஆழத்தில் இருக்கும் பகுதிகளில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 10 மி.மீ. பாதரசம்தான் இருந்தது. நம் தமனி ரத்தத்தில் இது 100க்கு அருகில் இருக்கும். அத்தனை குறைந்த ஆக்சிஜனில் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டுதான் அந்தச் செல்கள் தங்களைக் காத்துக்கொள்கின்றன.

சரி, இடம் கெட்டுப்போனால் நல்ல செல்லும் புற்றுநோய்ச் செல்லாக மாறுமா? உங்கள் கேள்வியின் மையம் இதுதான். எலிகளில் இதற்கான விடை ‘மாறும்’. 2010இல் ஹார்வர்டில் செய்த சோதனை ஒன்று என் துறையில் இருந்த பலரின் நினைப்பையே மாற்றியது. எலிகளின் ரத்தச் செல்களை ஆய்வாளர்கள் தொடவேயில்லை. எலும்பை உருவாக்கப்போகும் இளம் செல்களில் மட்டும் டைசர்1 என்ற மரபணுவை நீக்கினார்கள். அந்த எலிகளின் ரத்த எண்ணிக்கை குறைந்தது. மஜ்ஜையில் செல்கள் உருக்குலைந்து வளர்ந்தன. சில எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயே வந்தது. அந்தப் புற்றுச் செல்களைச் சோதித்தால், அவற்றில் டைசர்1 பழுதில்லாமல் இருந்தது. ஆனால் வேறு மரபணுக் கோளாறுகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. இந்த எலிகளின் ரத்தச் செல்களை நல்ல எலிக்கு மாற்றியபோது மஜ்ஜைக் கோளாறு தொடரவில்லை. நல்ல எலியின் ரத்தச் செல்களை இந்த எலிகளுக்கு ஏற்றியபோது அவற்றிலும் கோளாறு வந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, எலும்புச் செல்களில் பீட்டா-கட்டெனின் என்ற புரதத்தை மட்டும் ஓயாமல் இயங்க வைத்து எலிகளில் ஏ.எம்.எல். நோயையே உருவாக்கிக் காட்டியது. எலும்புச் செல்லின் மேற்பரப்பில் எழும் ஒரு சமிக்ஞை, அதை ஒட்டியிருக்கும் ரத்த ஸ்டெம் செல்லைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஏ.எம்.எல். நோயும் அதற்கு முன்நிலையான எம்.டி.எஸ். நோயும் உள்ளவர்களின் மஜ்ஜைத் துண்டுகளை அதே குழு சோதித்தபோது, அவர்களில் 38 விழுக்காட்டினரின் எலும்புச் செல்களில் இதே புரதம் மிகையாக இயங்குவது தெரிந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. எலியில் காரணத்தைக் காட்டினார்கள். மனிதரில் காட்டியது உடனிருப்பை மட்டுமே. அந்த மாற்றம் நோயை உண்டாக்கியதா, நோயால் உண்டானதா என்பதை ஒரு மஜ்ஜைத் துண்டு சொல்லிவிடாது.

மனிதர்களில் இதற்கு மிக அருகில் வரும் சான்று நூனன் நோய்க்குறி. பிறவியிலேயே பி.டி.பி.என்.11 என்ற மரபணுவில் பிறழ்வோடு பிறக்கும் இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ரத்தப் புற்றுநோயை ஒத்த நோய் வருகிறது. உடல் முழுவதும் உள்ள பிறழ்வு என்பதால் அது தாங்கு செல்களிலும் இருக்கிறது. 2016இல் எலிகளின் தாங்கு செல்களில் மட்டும் இந்தப் பிறழ்வை வைத்தபோதும் நோய் வந்தது. அந்தச் செல்கள் சி.சி.எல்.3 என்ற புரதத்தை மிகையாகச் சுரந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களை ஸ்டெம் செல்களின் பக்கத்திலேயே கூட்டின. மோனோசைட்டுகள் விடும் அழற்சிப் பொருள்கள் ஸ்டெம் செல்களை உறங்க விடவில்லை.

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1971இல் சியாட்டிலில் ரத்தப் புற்றுநோயுள்ள ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் மஜ்ஜையை ஏற்றியிருந்தார்கள். நோய் திரும்பியது. ஆனால் புற்றுச் செல்களில் ஒய் குரோமோசோம் இருந்தது. அதாவது, சகோதரரிடமிருந்து வந்த நல்ல செல்கள் அவருடைய உடலுக்குள் போன பிறகு புற்றாகியிருந்தன. கொடையாளர் செல் ரத்தப் புற்றுநோய் என்று இதை இப்போது அழைக்கிறோம். மிக அரிதானது. நோயாளியின் மஜ்ஜைச் சூழல் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கொடையாளரிடம் யாருக்கும் தெரியாமல் ஏற்கெனவே இருந்த சிறு பிறழ்வு இன்னொரு காரணம். உங்கள் குடும்பத்தில் யாராவது கொடையாளராக முன்வந்தால் இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டாம். நோய் திரும்பும்போது பெரும்பாலும் அதில் கொடையாளரின் செல்களுக்குப் பங்கே இல்லை.

ஆகவே, இடம் மட்டுமே தனியாக ரத்தப் புற்றுநோயை உண்டாக்கிவிடுகிறது என்று மனிதர்களைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். உங்கள் தம்பியின் நோயில் மரபணுப் பிறழ்வு இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. பிறழ்வு வந்த செல்கள் எல்லாமே நோயாவதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. எழுபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கேனும் ரத்தத்தில் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் பிறழ்வு கொண்ட செல்கூட்டம் இருக்கிறது. அவர்களில் ஆண்டுக்கு 0.5 முதல் 1 விழுக்காட்டினருக்கே ரத்தப் புற்றுநோய் வருகிறது. மற்றவர்கள் அதோடு வாழ்ந்து வேறு காரணங்களால் இறக்கிறார்கள். டெட்2 பிறழ்வு கொண்ட செல்கள் அழற்சி மிகுந்த சூழலில் நல்ல செல்களை முந்திக்கொண்டு பெருகுகின்றன. முதுமையில் மஜ்ஜையில் அழற்சியும் கொழுப்பும் கூடுகின்றன. விதை பலரிடம் இருந்தும் சிலரிடம் மட்டும் முளைப்பதற்கு இடமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைப்பது இந்த அளவில்தான்.

அடுத்தது, நோய் தான் இருக்கும் இடத்தின் குணத்தை எப்படி மாற்றுகிறது என்பது. பல ஆண்டுகள் நுண்ணோக்கியின் கீழ் மஜ்ஜைத் துண்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புத்தகச் செய்தி அல்ல. ரத்தப் புற்றுநோயில் ரத்தசோகை ஏன் வருகிறது என்று கேட்டால், புற்றுச் செல்கள் இடத்தை அடைத்துக்கொண்டு மற்றவற்றை நெருக்கித் தள்ளுகின்றன என்று சொல்லும் பழக்கம் உண்டு. நெருக்கடி இருப்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே இடத்தின் குணம் மாறத் தொடங்கிவிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, உயிருள்ள எலியின் மஜ்ஜைக்குள் டி-செல் ரத்தப் புற்றுநோய்ச் செல்களை மணிக்கணக்கில் படம் பிடித்தது. அவை ஒரு மூலையில் பதுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அவையோ மஜ்ஜை முழுவதும் ஓடித் திரிந்தன. அவை பரவிய இடங்களில் எலும்பை உருவாக்கும் செல்கள் அழிந்துபோயின. ஏ.எம்.எல்.-இல் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. எலும்போரக் குழாய்கள் அழிகின்றன. மஜ்ஜைக்குள் வரும் பரிவு நரம்பிழைகள் சிதைகின்றன. நல்ல ஸ்டெம் செல்களைக் கட்டிவைத்திருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுகின்றன.

இந்த மாற்றம் மிகக் கொடுமையாகத் தெரிவது மைலோஃபைப்ரோசிஸ் என்ற நோயில். இது ஏ.எம்.எல்.-ஆக மாறக்கூடிய ஒரு நோய். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி இழுத்தால் எதுவுமே வராது. வறண்ட ஊசி என்போம். எலும்புத் துண்டை வெட்டி வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், செல்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கருப்பு இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். இந்தக் குடும்பத்து நோய்களுக்கு ஜாக்2 என்ற மரபணுவில் வரும் ஒரு பிறழ்வு பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. அந்தப் பிறழ்வு கொண்ட ரத்தச் செல்கள் மஜ்ஜைக்குள் இருக்கும் நரம்பிழைகளைச் சேதப்படுத்துவதையும், அதனால் தாங்கு செல்கள் சாவதையும், நோய் தீவிரமாவதையும் 2014இல் எலிகளில் காட்டினார்கள். நரம்பு கொடுக்க வேண்டிய சமிக்ஞையை மருந்தால் கொடுத்தபோது எலிகளின் நிலை மேம்பட்டது. அந்த வகை மருந்து ஒன்று ஏற்கெனவே கடைகளில் இருந்தது. அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லைக்குக் கொடுக்கப்படும் மிராபெக்ரான்தான் அது. சுவிட்சர்லாந்தில் 39 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறழ்வு கொண்ட செல்களின் அளவு பாதியாகக் குறைய வேண்டும் என்பது இலக்கு. அது நிறைவேறவில்லை. ஆனால் மஜ்ஜைத் துண்டுகளில் தாங்கு செல்கள் கூடியிருந்தன, கருப்பு இழைகள் சற்றுக் குறைந்திருந்தன. இந்த முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இடத்தை ஓரளவு சீர்படுத்தியும் செல் அடங்கவில்லை. இடத்துக்கு வைத்தியம் செய்தாலே போதும் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். இடத்துக்கும் வைத்தியம் உண்டு என்று முதன்முறையாக மனிதரில் கண்டவர்களுக்கு இது தொடக்கம்.

சிகிச்சைக்கு மிக நெருக்கமானது மூன்றாவது விஷயம்: மருந்திலிருந்து புற்றுச் செல்லை இடம் காப்பாற்றுகிறது. குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோயில் அஸ்பாராஜினேஸ் முக்கியமான மருந்து. புற்றுச் செல்களால் அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. ரத்தத்தில் அதை இல்லாமல் செய்துவிட்டால் அவை பட்டினியால் சாகின்றன. ஆனால் பக்கத்தில் இருக்கும் தாங்கு செல்களால் அந்த அமிலத்தைத் தயாரிக்க முடியும். ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது, தாங்கு செல்கள் ஊட்டிய அஸ்பாராஜினைக் கொண்டு புற்றுச் செல்கள் பிழைத்தன. இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள் 2017இல் காட்டியது இன்னும் வியப்பானது. ஏ.எம்.எல். செல்கள் பக்கத்துத் தாங்கு செல்லிலிருந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களையே நுண்குழாய்கள் வழியே இழுத்துக்கொள்கின்றன. தாங்கு செல் கொடுக்கும்படி தூண்டுவதும் புற்றுச் செல் வெளியிடும் ஒரு வேதிப்பொருள்தான்.

நம் ஊரிலும் இந்தக் கோணத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஏ.எம்.எல். நோயில் ஏ.பி.எல். என்ற வகைக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடை மட்டுமே கொடுத்துப் பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 72 நோயாளிகளின் விவரங்களோடு 2006இல் வெளியிட்டார்கள். பின்னர் அதே குழு, தாங்கு செல்களோடு சேர்த்து வளர்த்த புற்றுச் செல்கள் ஆர்செனிக்கைத் தாங்கிப் பிழைப்பதையும், போர்டெசோமிப் என்ற மருந்தைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு தளர்வதையும் காட்டியது.

அப்படியானால் புற்றுச் செல்லைக் கட்டிவைக்கும் கயிற்றை அறுத்து, ரத்தத்துக்கு இழுத்து வந்து கொல்லலாமே என்று தோன்றும். சி.எக்ஸ்.சி.எல்.12-இன் பிடியைத் தளர்த்தும் பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து இருக்கிறது. மாற்று சிகிச்சைக்காக ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவர 2008 முதல் அதைப் பயன்படுத்துகிறார்கள். கீமோதெரபியோடு ஏ.எம்.எல். நோயாளிகளுக்கு அதைக் கொடுத்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அது வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் புற்றுச் செல் ஒட்டுவதைத் தடுக்கும் யூப்ரோலெசெலான் பெரிய ஆய்வு வரை போனது. நோயாளிகளின் ஆயுளை அது கூட்டவில்லை என்று 2024இல் தெரியவந்தது. ஒரு கயிற்றை அறுத்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த இடத்தில் கயிறுகள் இருக்கின்றன என்பதே என் கணிப்பு.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்குத் திரும்புகிறேன். மாற்று சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும்போது, பெரும்பாலும் திரும்புவது தம்பியின் பழைய புற்றுச் செல்களில் தப்பிப் பிழைத்த சிலதான். அவை தப்பியதில் மஜ்ஜைச் சூழலுக்குப் பங்கு உண்டு. எலும்போரத்தில் உறங்கிக் கிடக்கும் செல்லைக் கீமோதெரபி எளிதில் தொடாது, ஏனெனில் அந்த மருந்துகளில் பல பிரியும் செல்களையே தாக்குகின்றன. ஆனால் மாற்று சிகிச்சையின் உண்மையான வலிமை கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்த மிச்சத்தைத் தேடி அழிப்பதில் இருக்கிறது. அந்தப் பார்வையிலிருந்து தப்ப, புற்றுச் செல்கள் தம் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. அடையாளங்களை மறைத்துவிடுவதும் உண்டு. இது செல்லின் வேலை, இடத்தின் வேலை அல்ல. ஆகவே ‘சூழல் மாறாததால்தான் திரும்புகிறது’ என்று யாராவது சொன்னால் அது பாதி விடைதான்.

மஜ்ஜைச் சூழலைச் சுத்தப்படுத்துவதாகவோ வலுப்படுத்துவதாகவோ சொல்லி யாராவது பொடியோ டானிக்கோ விற்க வந்தால் வாங்காதீர்கள். மேலே சொன்ன மருந்துகளையெல்லாம் பல ஆண்டுகள் முயன்றவர்களுக்கே அது இன்னும் கைகூடவில்லை. அந்தப் பொடிகளிலும் டானிக்குகளிலும் சில, தம்பி எடுத்துக்கொள்ளும் மருந்தோடு கலந்து கல்லீரலைக் கெடுக்கவும் கூடும். அதற்குப் பதிலாக மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருக்கும் நுண்ணிய நோயின் அளவை எந்த முறையில், எந்த நாள்களில் அளக்கப்போகிறார்கள்? மாற்று சிகிச்சை நடந்தால், கொடையாளரின் செல்கள் எத்தனை விழுக்காடு என்று காட்டும் கைமரிசம் பரிசோதனையை எப்போதெல்லாம் செய்வார்கள்? அந்த விழுக்காடு குறையத் தொடங்குவது, நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதைக் காட்டிக்கொடுக்கலாம். அப்போது கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்களைக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பது உள்ளிட்ட வழிகளுக்கு இன்னும் நேரம் இருக்கும்.